இடப்பக்கம் போன மவுஸ்

மவுஸ் சூடாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரமும் அதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்துவிட்டு, இப்போதுதான் கையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனதுபோல ஒரு சூடு. விமலேஸ்வரி தொட்ட கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, என்ன விசர் வேலை இது என்று தன்னையே ஏசிக்கொண்டு திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். சூடுதான். பெட்டியைப் பிரித்து, பற்றரி இரண்டையும் போட்டு, மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

விசைப்பலகைக்கு வலப்பக்கம் வைத்துவிட்டுப் போன மவுஸ் இடப்பக்கம் கிடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

புதுக்குடியிருப்புச் சந்தையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில், விமலேஸ்வரியின் வீட்டு முன்னறைதான் அவள் நடத்துகிற கணினி வகுப்பு. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி வந்த பழைய கொம்பியூட்டர்கள் சுவரோரமாக வரிசையில் இருந்தன. பெருத்த முதுகுள்ள திரைகள், வால் வைத்த மவுசுகள். அந்த மவுசுகளோடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. செம்மண் தூசி அடியில் இருக்கிற உருண்டையில் அப்பிக்கொள்ளும். உடனே திரையில் அம்புக்குறி நொண்டத் தொடங்கிவிடும். கவிழ்த்துப் போட்டு, உருண்டையைக் கழற்றித் துடைத்து, உள்ளே இருக்கிற சின்னச் சில்லுகளை ஊசியால் சுரண்ட வேண்டும். அது மகள் தயாளினியின் வேலை. ஏசி ஏசித்தான் செய்வாள். "மாமா, எனக்கு வால் இல்லாத ஒண்டு அனுப்புங்கோ. இடக்கைக்கும் தோதானதாப் பாருங்கோ" என்று கனடாவில் இருக்கிற தாய்மாமன் செல்வராசாவிடம் போனில் கேட்டவளும் அவள்தான்.

மாமன் அனுப்பினான். வந்து சேர்ந்தபோது கேட்டவள் இல்லை.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கென்று தயாளினி முல்லைத்தீவுக்குச் சிநேகிதி நேசமலரின் வீட்டுக்குப் போய் இரவு அங்கேயே தங்கினாள். விடிந்ததும் கடல் வந்தது. நேசமலரின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிச்சம். அந்த வீட்டில் ஒருவரும் தப்பவில்லை. அந்தத் தெருவில் சில வீடுகளுக்கு அழுவதற்குக்கூட ஆள் மிஞ்சவில்லை. தயாளினியின் உடல் கிடைக்கவே இல்லை.

உடல் கிடைக்கவில்லை என்றால் தகப்பன் கதிர்காமநாதனுக்கு அது ஒரு செய்தி, தாய்க்கு வேறொரு செய்தி. அவளுக்குக் கிடைக்காத பிள்ளை சாகாத பிள்ளை. எந்த ஆஸ்பத்திரியிலாவது பேர் சொல்லத் தெரியாமல் கிடக்கலாம், யாராவது புண்ணியவான் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டு வைத்திருக்கலாம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! செத்தவர்களுக்குச் செய்கிற எட்டுச் செலவைச் செய்ய விடவில்லை. அந்தியேட்டி என்ற சொல்லை வீட்டில் எடுக்க விடவில்லை. அதற்குப் பதிலாகப் பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்தில் படலையடியில் போய் நின்று, "தயா... எடி பிள்ளை... வீட்டை வா" என்று கூப்பிடுவாள். பிறகு ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் புட்டும் முட்டைப் பொரியலும் போட்டு, மகள் இருக்கிற கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசற்கதவை அகலத் திறந்துவிடுவாள். பசியோடு வருகிற பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கமலாசனி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னாள்.

"விமலா, நான் சொல்லுறனெண்டு கோவிக்காத. செத்ததுகளுக்கு எண்டால் பேர் சொல்லிப் படைச்சு, படைச்சதைச் சந்தியில கொண்டுபோய் வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வந்து கதவைச் சாத்தவேணும். உயிரோட இருக்கிறதுக்கு எண்டால், பொழுதுபடேக்க வாசலைத் திறந்துபோட்டுச் சோத்தைக் காட்டிக் கூப்பிடுறேல்லை. நீ ரெண்டுமில்லாத ஒண்டெல்லோ செய்யிறாய். அந்தக் கரையில காரியம் செய்ய ஆளில்லாமல் போனதுகள் எத்தினை எண்டு யோசிச்சனியோ?"

"என்ர பிள்ளைக்கு நான் சோறு வைக்க ஊரிட்டைக் கேக்கவேணுமோ அக்கா?"

கமலாசனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மவுஸ் வந்த அன்றே சந்தைக்குப் போய்த் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"அவளுக்கெண்டு வாங்கினது அக்கா. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. நீங்கள் பாவிச்சுப் பாருங்கோ. ஓட்டம் எப்பிடி, கைக்கு எப்பிடி எண்டு எனக்குச் சொல்லுங்கோ. திறமெண்டால் வகுப்புப் பிள்ளையளுக்கும் அனுப்பிவிடுறன், அவளின்ர பேரில."

'அவளின்ர பேரில' என்றது விமலேஸ்வரிக்கு முள்ளாகக் குத்தியது. செத்தவர்களின் பேரில்தான் தருமம் செய்வார்கள். ஆனாலும் சரி என்றாள். மகள் வந்தால் கேட்பாள்தானே, அம்மா இது எப்படி என்று.

ஆகவே பார்த்தாள். வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு, ஒழுங்கை முகப்பில் இருக்கிற ஜெனரேற்றர் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஒவ்வொரு நாளும் மகளின் கதிரையில் இருந்து பார்த்தாள். வெறும் மேசையில் மவுஸ் நன்றாகத்தான் ஓடியது. மேசைக்கு மேல் கிடந்த கண்ணாடித் தட்டில் வைத்தால் அம்புக்குறி வெறி பிடித்ததுபோலத் துள்ளியது. பழைய கலண்டர் மட்டையைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டியபோது சொன்ன சொல் கேட்டது. ஒரு எழுத்துக்கும் மற்ற எழுத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் நின்ற இடத்தில் நின்றது. கைக்கும் குறை சொல்ல முடியாது. அதன் முதுகு உள்ளங்கைப் பள்ளத்துக்குள் வந்து இருந்துகொண்டது, விரல்கள் தாமாகவே பொத்தான்களில் போய்ப் படுத்துக்கொண்டன, எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் மணிக்கட்டு உளையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வளைவு. இடக்கைக்காரிக்கும் வலக்கைக்காரிக்கும் ஒன்றுபோல இருக்கும்படி மாமன் கடை கடையாகத் தேடித்தான் வாங்கியிருக்கிறான். அதை நினைத்ததும் கையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள், அன்றைக்கு அதற்கு மேல் பார்க்கவில்லை.

ஒரு குறைதான் இருந்தது. கையை எடுத்துவிட்டால் அம்புக்குறி சும்மா இருக்கவில்லை. மெல்ல, நடக்கப் பழகாத குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறமாதிரி, இடப்பக்கமாகப் போகும். கையை வைத்திருந்தாலும் அந்த இழுவை தெரிந்தது. கடைத்தெருவில் எதையோ கண்ட பிள்ளை தாயின் விரலைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுவை. அவள் விட்டுக்கொடுத்தாள். மவுஸ் விசைப்பலகையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றது.

"பழுதான சாமான். கனடாவில இருந்து வந்தால் எல்லாம் திறமோ?" என்றார் கதிர்காமநாதன்.

அடுத்த நாள் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. இடதை அழுத்தினால் வலதின் வேலை நடந்தது, வலதை அழுத்தினால் இடதின் வேலை. விமலேஸ்வரி பயப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. இடக்கைக்கென்று பொத்தானை மாற்றிவைத்துவிட்டு, திரும்ப மாற்றாமல் எழும்பிப் போகிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதற்காக எத்தனை தரம் பேச்சு வாங்கியிருப்பாள்! 'எடி, மற்றப் பிள்ளையளும் பாவிக்கிறதெல்லோ' என்று கத்தின வாய், இப்போது, மாற்றாமல் கிடக்கட்டும் ராசாத்தி, கிடக்கட்டும் என்று முணுமுணுத்தது.

ஆனால் மவுசைத் தூக்கியபோது கலண்டர் மட்டை நனைந்திருந்தது.

மழை இல்லை. மாசி மாதத்து வெயிலில் முற்றத்து மண் மாவாகக் கிடந்தது. மட்டையின் ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தாள். சேறும் பாசியும் அழுகின மரமும் கலந்த மணம், அடியில் இன்னொரு மணம். அந்த இன்னொரு மணத்தை அவள் அறிவாள். மார்கழி முடிவில் முல்லைத்தீவிலிருந்து திரும்பி வந்த கதிர்காமநாதனின் சட்டையில் அது இருந்தது, எத்தனை தரம் தோய்த்தும் போகாமல் கடைசியில் அந்தச் சட்டையை எரிக்க வேண்டி வந்தது. விமலேஸ்வரி மட்டையை வெயிலில் காயப்போட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளை எதற்கு இப்படி வரவேண்டும் என்று ஒரு நினைப்பு எழும்பியது. அதை முழுதாக எழும்ப விடாமல் உலையில் அரிசியைப் போட்டாள்.

அன்று இரவு கதிர்காமநாதன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஐயரோட கதைச்சிட்டன். வாற ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில வைச்சுச் செய்வம்."

"என்னத்தை?"

"விமலா..."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் காரியம் செய்யிற அப்பனை இப்பதான் காணுறன். அவள் வந்திட்டாளப்பா. ஒவ்வொரு நாளும் வந்து போறாள். நீங்கள்தான் காணேல்ல."

அவர் கையை உதறிவிட்டு எழும்பவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நல்லாக இருந்திருக்கும். கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில வரிசையாக் கிடத்தியிருந்தினம். ஒவ்வொரு பிள்ளையாத் துணியை விலக்கி விலக்கிப் பாத்தனான். இது எங்கட பிள்ளையா இருக்கக்கூடாது எண்டு கும்பிட்டுக்கொண்டு துணியைத் தூக்குவன். பிறகு, இதாவது எங்கட பிள்ளையா இருக்கட்டும் எண்டு கும்பிடத் தொடங்கினன். ஒரு முகமும் முகமா இல்லை விமலா. அவளை நான் கண்டும் தாண்டிப் போயிருப்பன். அதுதான் எனக்கு நித்திரை இல்லை. அவளை அனுப்பிவிடுவம். பாவம், எங்க அலையுதோ பிள்ளை."

அவர் அழுதார். அவள் பக்கத்தில் போய் இருந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் ஓம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் ஐயருக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கவென்று சைக்கிளில் வெளிக்கிட்டார். படலையடியில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, "அந்த மவுசின்ர பற்றரியைக் கழட்டி வைச்சிட்டுப் பழசைப் பாவி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்ட கதையாப் போகும் உனக்கு" என்றார். பிறகு தன் வாயால் அந்தச் சொல் வந்ததற்காக வருந்தியவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு மிதித்துப் போனார்.

பொழுது பட்டது. அவள் கூப்பிட்டாள். கோப்பையை வைத்தாள். வாசற்படியில் குப்பிவிளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு வந்து மகளின் கதிரையில் இருந்தாள். ஒழுங்கை முகப்பில் ஜெனரேற்றர் இருமி இருமி ஓடத் தொடங்கியது, திரை வெளிச்சம் வந்தது, அந்த ஒரு கொம்பியூட்டரைத் தவிர மற்றத் திரைகளெல்லாம் சுவரோரம் கறுப்பாகக் கிடந்தன. வெளியே தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், எங்கோ ஒரு நாய் நீட்டி ஊளையிட்டுப் பாதியில் நிறுத்தின சத்தம். அவள் பள்ளிக்கூடமொன்றுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறி வழக்கம்போல இடப்பக்கம் ஊரத் தொடங்கியது.

கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று மவுசைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, பற்றரி இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். அடியில் எரிந்த சிவப்பு வெளிச்சம் அணைந்தது. செத்த சாமானாக அதை மட்டையில் வைத்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

மவுசும் நகர்ந்தது. மட்டையில் ஈரக்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு, மெல்ல.

நெஞ்சு அடிக்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. பயமா சந்தோசமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு அடி. அம்புக்குறி மேலே போய் வினாத்தாளை மூடப் பார்த்தது. சேமிக்கவோ என்று கேட்கிற சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது. அதில் யெஸ் என்று ஒரு பொத்தான், நோ என்று ஒரு பொத்தான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது: யெஸ் எண்டால் ஓம், நோ எண்டால் இல்லை.

அம்புக்குறி இரண்டுக்கும் நடுவில் நின்று காத்திருந்தது.

"தயா," என்றாள். திரைக்குக் கிட்டக் குனிந்து, "நீயோ பிள்ளை?"

யெஸ்சில் போய் நின்றது.

"என்ர அம்மா! என்ர குஞ்சு!" அவள் திரையை இரண்டு கையாலும் தடவினாள். "எங்கயடி இருக்கிறாய்? சுகமா இருக்கிறியோ? உயிரோட... உயிரோட இருக்கிறியோ?"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்புக்குறி, போக மனமில்லாததுபோல, நோவுக்குப் போனது.

விமலேஸ்வரி அழுதாள். அத்தனை நாளும் அழாததை அழுதாள். மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாயைக் கையால் அடைத்துக்கொண்டு, பெற்ற வயிற்றில் குத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அம்புக்குறி திரும்பவும் நடுவில் நின்றது. நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டு.

"அப்பா ஞாயிற்றுக்கிழமை காரியம் செய்யப்போறார் ராசாத்தி. உன்னை அனுப்பிவிடப்போறாராம். போவியோ?"

நோ.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உயிர் வந்தது. பாவி மனம், அப்போதும் சந்தோசப்பட்டது. "சரி, போகவேண்டாம். இரு. ஆர் உன்னைப் போகச் சொன்னது? அம்மாவோட இரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எந்தத் தாயும் பொழுதுபட்டு வீடு வந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்: "அவ்வளவு தூரம் தனியாவோ வந்தனீ?"

அம்புக்குறி அசையவில்லை. அது ஏற்கனவே நோவில்தான் நின்றது.

பொத்தான் அமுங்கியது. மவுசில் அந்தச் சின்னச் சத்தம், டிக். பெட்டி மறைந்தது.

ஜெனரேற்றர் நின்றுவிட்டது. ஒழுங்கை முழுவதும் ஒரேயடியாக இருண்டது. வாசற்படியில் குப்பிவிளக்கு மட்டும் ஆடியது, அந்த வெளிச்சம் சுவரோரத்துக் கறுப்புத் திரைகளின் வளைந்த கண்ணாடியில் போய் விழுந்தது. பழக்கத்தில் அவளுடைய கை மவுசைத் தேடிப் பிடித்தது. ஒரு கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு இன்னொன்று. வகுப்புத் தொடங்கும்போது கேட்கிற சத்தம்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். கதிரைகள் வெறுமையாக இருந்தன.

கண்ணாடிகளில் வெறுமையாக இல்லை.

முதல் திரையில் ஒருத்தி, தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. அடுத்ததில் ஒரு கிழவர். அடுத்ததில் ஒரு தாய், மடியில் ஒன்று, தோளில் ஒன்று. அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். அவர்களுக்கும் பின்னால். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். கூப்பிட்டவள் இவள்தான் என்று தெரிந்தவர்களின் பார்வை. நிலத்தில் தண்ணீர் சொட்டியது.

"தயா," என்றாள். "தயா, நீ எங்க?"

கையின் மேல் ஒரு கை வந்து விழுந்தது.

குளிர். ஈரம். அவள் கையோடு சேர்த்து மவுசைப் பொத்திக்கொண்டது. "பிள்ளை," என்றாள் விமலேஸ்வரி. அந்தக் கையின் மேல் இன்னொரு கை. அதன் மேல் இன்னொன்று. காப்புப் போட்ட கை. நகம் இல்லாத கை. மூடின சின்னக் குஞ்சுக் கை. ஒன்றன்மேல் ஒன்றாக, பாரம் கூடிக்கொண்டே வந்தது. அவள் இழுக்கவில்லை. மற்றக் கையால் தடவினாள். பால் கொடுத்தபோது மார்பில் கிடந்த கை. எழுத்துப் பழகியபோது பிடித்துக்கொடுத்த கை. அவளுக்குத் தெரியாதா? தாய்க்குத் தெரியாதா? ஒவ்வொன்றாகத் தடவினாள். திரும்பவும் முதலிலிருந்து தடவினாள். எல்லாம் தண்ணீரில் ஊறி ஊதிப்போன கைகள். ஒரே குளிர். எல்லாம் அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டன.

எது தன் பிள்ளையின் கை என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே, படலையடியிலிருந்து ஒழுங்கை முழுவதும், இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.